கூகுளில் மேலே வருவது எப்படி நடக்கிறது? தொழில் நடத்துபவர்களுக்கு எஸ்.இ.ஓ. அறிமுகம்

"எங்கள் வெப்சைட்டுக்கு எஸ்.இ.ஓ. செய்தாகிவிட்டது" என்று சொல்பவர்களிடம், என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கூகுளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம் என்று ஒருவர் சொல்வார். எங்கள் தொழிலின் பெயரைப் பக்கம் முழுக்க நூறு இடத்தில் போட்டிருக்கிறோம் என்பார் இன்னொருவர். வெப்சைட் கட்டிக் கொடுத்தவரே அதையும் சேர்த்துச் செய்துவிட்டார், என்ன செய்தார் என்று தெரியாது என்பவர்களும் நிறையப் பேர். முதல் இரண்டும் எஸ்.இ.ஓ.வே அல்ல. மூன்றாவதில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

இப்படித் தவறாகப் புரிந்துகொள்வதால் பணம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். கைத்தொழில் நன்றாகத் தெரிந்த ஒரு சிறு நிறுவனம், அதையே தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் கண்ணில் படாமலே போய்விடுகிறதே, அதுதான் எனக்கு அதிக வருத்தம். கணினி அறிவு எதுவும் இல்லாதவரும் பின்தொடரும்படி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## பெயரிலிருந்து தொடங்கலாம்

கூகுள், பிங் போல, நாம் கேட்பதற்குப் பொருத்தமான இணையப் பக்கங்களை எடுத்துக் காட்டும் அமைப்புக்குத் தேடுபொறி என்று பெயர். அது நம் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள வேண்டும். உரிய கேள்வி வரும்போது எடுத்துக் காட்ட வேண்டும். இந்த மூன்றுக்கும் ஏற்றபடி பக்கத்தைச் சீர்செய்வதுதான் எஸ்.இ.ஓ. சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன் என்பதன் சுருக்கம் இது. தமிழில் தேடுபொறி உகப்பாக்கம் என்பார்கள். பேச்சில் எல்லோரும் எஸ்.இ.ஓ. என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

## கேட்டு வருகிறவரும் கடந்து போகிறவரும்

வழியில் நின்று போகிற வருகிற எல்லோர் கையிலும் துண்டறிக்கை கொடுக்கிறீர்கள். வாங்குபவர்களில் ஒருசிலருக்குத்தான் அது தேவைப்படும். மற்றவர்கள் மடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் தவறொன்றும் இல்லை.

இப்போது வேறொரு காட்சி. ஒருவர் வீட்டில் தைத்துக் கொடுக்கிறார். மறுநாள் காலையில் துணியைக் கொடுத்தாக வேண்டும். இரவு பதினோரு மணிக்கு மிஷினில் நூல் அறுகிறது. மறுபடி கோக்கிறார், மறுபடி அறுகிறது. போனை எடுத்து, "தையல் மிஷின் நூல் அடிக்கடி அறுந்து போகுது" என்று தட்டுகிறார்.

தையல் மிஷின் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றை நீங்கள் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இப்போது தேவைப்படும் ஆள் நீங்கள்தான். அவர் மனத்தில் ஆசையைத் தூண்ட வேண்டியதில்லை, அவர் கவனத்தை எதிலிருந்தும் திருப்ப வேண்டியதில்லை. அவரே கேட்டுவிட்டார். அந்த நேரத்தில் அவர் கைப்பேசித் திரையில் உங்கள் பக்கம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. தொழிலுக்கு எஸ்.இ.ஓ. ஏன் முக்கியம் என்பதற்கு எத்தனையோ காரணங்களை அடுக்குவார்கள். என்னைக் கேட்டால், மற்றவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

இதிலேயே அதன் எல்லையும் தெரிகிறது. யாரும் இதுவரை கேள்விப்படாத, பெயரே தெரியாத ஒரு புதுப் பொருளை நீங்கள் செய்திருந்தால், அதை யாரும் தேடப் போவதில்லை. தேவையை உண்டாக்க எஸ்.இ.ஓ.வால் முடியாது. ஏற்கெனவே இருக்கும் தேவையை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கத்தான் முடியும். அப்படிப்பட்ட பொருளுக்கு முதலில் விளம்பரம்தான் வேண்டும். அதைச் சொல்லாமல் எல்லாருக்கும் எஸ்.இ.ஓ. விற்பவர்களை நம்பாதீர்கள்.

இதுவரை பார்த்தது: எஸ்.இ.ஓ. என்பது, தானாகவே கேட்டு வருகிறவர் கண்ணில் படுவதற்கான வேலை.

## தேடுபொறி இணையத்தில் தேடுவதில்லை

தலைப்பு விநோதமாக இருக்கலாம், ஆனால் உண்மை அதுதான். நாம் கேள்வியைத் தட்டியதும் கூகுள் உலகம் முழுக்க ஓடிப்போய்த் தேடி வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு நொடிக்குள் அது நடக்கக்கூடிய காரியமா?

கனமான ஆய்வு நூல் ஒன்றின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். அங்கே அகரவரிசையில் சொற்களும், ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற எண்களும் இருக்கும். சொல்லடைவு என்பார்கள். ‘மழை’ பற்றி நூலில் என்ன இருக்கிறது என்று தெரிய 600 பக்கத்தையும் படிக்க வேண்டாம், சொல்லடைவைப் பார்த்தால் போதும். யாரோ ஒருவர் முன்பே உட்கார்ந்து முழு நூலையும் படித்து அதைத் தயாரித்து வைத்திருக்கிறார்.

தேடுபொறியும் இணையத்துக்கு அப்படி ஒரு மாபெரும் சொல்லடைவைத் தயாரித்து வைத்திருக்கிறது. அதற்கு இன்டெக்ஸ் என்று பெயர். நாம் தேடும்போது தேடப்படுவது அந்த இன்டெக்ஸ்தான். கூகுளின் இன்டெக்ஸில் பல்லாயிரம் கோடி பக்கங்கள் இருப்பதாகவும், அதன் அளவு 10 கோடி ஜிகாபைட்டுக்கும் மேல் என்றும் அந்நிறுவனமே சொல்கிறது.

இதற்காக இணையத்தைப் படித்துக்கொண்டே இருக்கும் நிரலுக்குக் கிராலர் என்று பெயர். கூகுளுடைய கிராலர் கூகுள்பாட். அது ஒரு பக்கத்தைப் படிக்கும், அதிலிருக்கும் இணைப்புகளைக் குறித்துக்கொள்ளும், அவற்றைப் பிடித்து அடுத்த பக்கங்களுக்குப் போகும். எங்கிருந்தும் இணைப்பு இல்லாத பக்கம், பாதையே இல்லாத வீடு மாதிரி. உள்ளே எவ்வளவு நல்ல பொருள் இருந்தாலும் போய்ச் சேர வழியில்லை. அதனால்தான் தளத்தின் பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்து வையுங்கள் என்றும், எல்லாப் பக்கங்களின் முகவரியையும் எழுதிய சைட்மேப் என்ற கோப்பைத் தேடுபொறியிடம் கொடுங்கள் என்றும் சொல்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெப்சைட் கட்டும்போது, வேலை முடியும்வரை தேடலில் காட்டாதே என்று அறிவிக்கும் ஒரு வரியைப் பக்கத்தில் போட்டு வைப்பது வழக்கம். நோஇன்டெக்ஸ் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் தளத்தில், வெளியிட்ட பிறகு அந்த வரியை எடுக்க மறந்துவிட்டார்கள். பல மாதம் தளம் தேடலில் எங்குமே இல்லை. போட்டி அதிகம், கட்டுரைகள் போதவில்லை என்று என்னென்னவோ காரணம் தேடினார்கள். கடைசியில் பார்த்தால், எங்களைக் காட்டாதே என்று அவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள், கூகுள் சொன்னதைக் கேட்டிருக்கிறது.

உங்கள் பக்கங்கள் இன்டெக்ஸில் இருக்கின்றனவா என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் நீங்களே பார்க்கலாம். மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சுருக்கமாக: கிராலர் படிக்கிறது, இன்டெக்ஸ் நினைவில் வைக்கிறது, நம் கேள்விக்குப் பதில் அந்த இன்டெக்ஸிலிருந்து வருகிறது. இன்டெக்ஸில் இல்லாத பக்கத்துக்கு முதலிடமும் இல்லை, நூறாவது இடமும் இல்லை.

## யார் முதலில்?

ஒரே கேள்விக்குப் பொருந்தும் பக்கங்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது எதை மேலே வைப்பது? இந்த வரிசைப்படுத்தலைத் தரவரிசை என்கிறோம். குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

தொடக்கத் தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களையே நம்பின. பக்கத்தில் சொல் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா என்று பார்த்தன. விளைவு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிய பக்கங்கள் மேலே வந்தன. 1990களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வேறு மாதிரி யோசித்தார்கள். ஆய்வுலகில் ஒரு கட்டுரையின் மதிப்பை எப்படி அறிகிறார்கள்? மற்ற ஆய்வாளர்கள் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்த்து. இணையத்தில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பையும் அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன? அந்தக் கணக்கீட்டு முறைக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர் வைத்தார்கள். 1998இல் கூகுள் நிறுவனம் பிறந்தது அதை வைத்துத்தான்.

பேஜ்ரேங்கில் எல்லா இணைப்பும் ஒரே எடை அல்ல என்பதுதான் முக்கியம். ஒரு நல்ல மருத்துவரைப் பற்றி வழிப்போக்கர் பத்துப் பேர் சொல்வதும், இன்னொரு மருத்துவர் "என் வீட்டுக்காரர்களை நான் இவரிடம்தான் அனுப்புவேன்" என்று சொல்வதும் ஒன்றாகுமா? பலரால் மதிக்கப்படும் பக்கம் கொடுக்கும் இணைப்புக்கு எடை அதிகம். வேறொரு தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் இப்படிப்பட்ட இணைப்பைப் பேக்லிங்க் என்பார்கள்.

இணைப்புக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் அதை விற்கக் கிளம்பினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்தவர்கள் உண்டு, கிராலருக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டியவர்கள் உண்டு. 2006இல் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளம் இப்படி, தேடுபொறிக்கென்றே தயாரித்த பக்கங்களை வைத்திருந்ததால், கூகுள் அதைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கியது. பிறகு அந்தப் பக்கங்கள் எடுக்கப்பட்டதும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை. 2011இல் வந்த பாண்டா என்ற மாற்றம் சத்தில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012இல் வந்த பென்குவின், விலைக்கு வாங்கிய இணைப்புகளை நம்பியிருந்த தளங்களைப் பதம் பார்த்தது. மெட்டா கீவேர்டுகள் என்று பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதும் சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பட்டியலை எழுதித் தருவதற்குக் கூலி கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

2019இல் பெர்ட் என்ற மொழி மாதிரியைக் கூகுள் தேடலில் சேர்த்தது. சொற்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், அவற்றுக்கு இடையே உள்ள உறவைப் பார்க்கும் முயற்சி அது. நம் மொழியில் இதன் தேவை சட்டென்று புரியும். ‘வங்கிக்கு அனுப்பிய பணம்’, ‘வங்கியிலிருந்து அனுப்பிய பணம்’ இரண்டிலும் வங்கி உண்டு, பணம் உண்டு, அனுப்புவது உண்டு. ஒரு வேற்றுமை உருபு மாறியதும் பணம் போகும் திசையே மாறிவிடுகிறது. சொல்லை மட்டும் எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த மாற்றங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு திசை தெரிகிறது. தேடுகிறவருக்கு உண்மையிலேயே உதவும் பக்கம் எது என்பதை இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறது. இன்னும் முழுதாகத் தேறவில்லை. மோசமான பக்கம் மேலே வருவதை நாமும் பார்க்கிறோம். ஆனாலும் இயந்திரத்தை ஏமாற்றச் செலவழிக்கும் உழைப்புக்கு ஆயுள் குறைவு. பக்கத்தை நல்லதாக்கச் செலவழிக்கும் உழைப்பு அடுத்த மாற்றம் வந்தாலும் நிற்கிறது.

## பணம் கட்டினால் மேலே வரலாமே?

வரலாம், விளம்பரமாக. 2000ஆம் ஆண்டு முதல் கூகுள் தேடல் முடிவுகளோடு விளம்பரங்களை விற்கிறது. அவை விளம்பரங்கள் என்பதைக் காட்டும் குறிப்பு மேலே இருக்கும். பணம் இருக்கும்வரை தெரியும், நிறுத்தினால் மறைந்துவிடும். அதற்குக் கீழே வரும் சாதாரண முடிவுகளை விலைக்கு வாங்க முடியாது. விளம்பரம் கொடுப்பதால் அந்த வரிசையில் முன்னுரிமை கிடையாது என்று கூகுள் தெளிவாகவே சொல்கிறது.

விளம்பரம் வாடகை வீடு, எஸ்.இ.ஓ. சொந்த வீடு என்று ஒரு ஒப்புமை சொல்வார்கள். பாதிதான் சரி. வீடு உங்களுடையதுதான், ஆனால் நிலம் தேடுபொறியுடையது. அது தன் விதியை மாற்றினால் உங்கள் இடமும் மாறும். அதனால் வருமானம் முழுவதையும் தேடலை நம்பியே வைத்துக்கொள்ளாதீர்கள். "முதலிடம் உறுதி" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அப்படி உறுதி தர யாராலும் முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

## உங்கள் சொல்லா, அவர் சொல்லா?

சரி, அந்த இரவு பதினோரு மணிக்காரரிடம் திரும்புவோம். அவர் கேள்வியைத் தட்டிவிட்டார். உங்கள் தளத்தில் என்ன இருக்கிறது? முகப்பில், "தையல் இயந்திரங்களுக்கான முழுமையான பராமரிப்புத் தீர்வுகள்" என்று கம்பீரமாக எழுதியிருக்கிறது. கீழே நிறுவனத்தின் நோக்கம், தொலைநோக்கு, கைகுலுக்கும் படம். நூல் அறுவதைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்களுக்கு விஷயம் தெரியாமலா? ஊசி முனை மழுங்கியிருக்கும் அல்லது வளைந்திருக்கும், மேல் நூலின் இறுக்கம் அதிகமாக இருக்கும், நூல் கோத்த வழி தவறியிருக்கும், நூலின் தடிமனுக்கு ஊசி பொருந்தாமல் இருக்கும். போன் செய்தால் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுவீர்கள். அந்த இரண்டு நிமிடப் பேச்சுதான் உங்கள் தளத்தில் இல்லாத பக்கம்.

"தையல் மிஷினில் நூல் அடிக்கடி அறுகிறதா? இந்த நான்கையும் பாருங்கள்" என்ற தலைப்பில் அதை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எப்படிச் சரிபார்ப்பது என்று படத்தோடு சொல்லுங்கள். இதையெல்லாம் செய்தும் அறுந்தால் உள்ளே பழுது இருக்கலாம், எங்களிடம் கொண்டுவாருங்கள் என்று முடியுங்கள். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் நம்மிடம் யார் வருவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. தானே சரிசெய்யக்கூடியவர் எப்படியும் உங்களிடம் வரப்போவதில்லை. முடியாதவர், தனக்கு நேர்மையாக வழி சொன்னவரைத்தான் முதலில் கூப்பிடுவார்.

தேடும் சொல்லுக்குப் பின்னால் அவர் உண்மையில் எதை விரும்புகிறார் என்பதைத் தேடல் நோக்கம் என்பார்கள். ‘நூல் ஏன் அறுகிறது’ என்பவருக்கு விளக்கம் வேண்டும். ‘எந்த மிஷின் நல்லது’ என்பவருக்கு ஒப்பீடு வேண்டும். ‘மிஷின் ரிப்பேர்’ என்று மட்டும் தட்டுபவருக்குத் தொலைபேசி எண் வேண்டும். மூன்று பேரையும் ஒரே முகப்புப் பக்கத்துக்கு இழுக்கப் பார்த்தால் மூவரும் திரும்பிப் போவார்கள். ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு பக்கம் வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். நாம் எழுதும்போது ‘இயந்திரம்’, ‘பழுதுநீக்கம்’ என்று எழுதுகிறோம். தேடுகிறவர் ‘மிஷின்’, ‘ரிப்பேர்’ என்கிறார். சிலர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். தேடுபொறி இவற்றை ஓரளவு இணைத்துப் புரிந்துகொள்கிறது, எப்போதும் அல்ல. அதற்காக மொழியைக் கெடுக்கச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் வாயில் வரும் சொல் பக்கத்தில் ஒருமுறையாவது, முடிந்தால் தலைப்பிலேயே, இயல்பாக வரட்டும்.

சிறு நிறுவனங்களுக்கு வாய்ப்பு இருப்பதும் இங்கேதான். ‘தையல் மிஷின்’ என்ற பொதுச் சொல்லுக்குப் பெரிய நிறுவனங்களோடு மோதி மேலே வருவது கடினம். ஆனால் கேள்விகள் எண்ணற்றவை. ஒரு நாளில் தன்னிடம் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதுவரை ஒருமுறைகூட வராதவை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. ‘தடித்த துணியில் தையல் ஏன் விட்டுவிட்டு விழுகிறது’ என்ற கேள்விக்கு முழுமையான பதில் எழுத, அதைக் கையால் செய்து பழகியவரால்தான் முடியும்.

இதுவரை பார்த்தது: உங்கள் பெருமையைச் சொல்லும் பக்கம் தேடலில் பிடிபடாது, வாடிக்கையாளரின் கேள்விக்கு அவர் சொல்லிலேயே பதில் தரும் பக்கம் பிடிபடும்.

## தொழில்நுட்பப் பக்கம், சுருக்கமாக

கூகுள் இப்போது இன்டெக்ஸுக்கு எடுத்துக்கொள்வது உங்கள் தளத்தின் கைப்பேசி வடிவத்தைத்தான். அதனால் கைப்பேசியில் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கட்டும், பாதுகாப்பான இணைப்பு என்று அதற்குப் பொருள். இதைத் தரவரிசையில் ஒரு சிறு காரணியாகக் கணக்கில் எடுப்பதாகக் கூகுள் 2014இல் அறிவித்தது. இவற்றை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டு மேலே போங்கள். வேகத்தை இன்னும் ஒரு துளி கூட்டுவதில் மாதங்களைச் செலவழிப்பதைவிட, பதில் இல்லாத ஒரு கேள்விக்குப் பக்கம் எழுதுவது மேல்.

## எத்தனை நாள் ஆகும்?

பொறுமை வேண்டும். வேலையைத் தொடங்கிப் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பது கூகுள் தரப்பிலிருந்தே சொல்லப்பட்ட கணக்கு. கிராலர் திரும்ப வந்து படிக்க வேண்டும், மற்ற பக்கங்களோடு ஒப்பிட்டு இடம் மாற வேண்டும், மற்றவர்கள் உங்கள் பக்கத்தைப் பயனுள்ளதாகக் கண்டு இணைப்புக் கொடுக்க வேண்டும். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. அடுத்த வாரமே ஆட்கள் வர வேண்டும் என்றால் விளம்பரம் கொடுங்கள், கூடவே எஸ்.இ.ஓ. வேலையும் நடக்கட்டும்.

அந்தக் காலத்தில் எதை அளப்பது? ஒரே ஒரு சொல்லுக்கு எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்று தினமும் பார்ப்பவர்கள் உண்டு. இடம், மொழி, கருவி இவற்றைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் முடிவுகள் மாறலாம் என்பதால் அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. தேடலிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்று பாருங்கள். ஆயிரம் பேர் வந்து ஒருவரும் கேட்காத பக்கத்தைவிட, முப்பது பேர் வந்து நான்கு பேர் கூப்பிடும் பக்கம் தொழிலுக்கு நல்லது.

## ஏ.ஐ. பதில் சொல்லும்போது

2024 முதல் கூகுள் பல தேடல்களுக்கு, பக்கங்களின் பட்டியலுக்கு மேலே, ஏ.ஐ. எனும் செயற்கை நுண்ணறிவால் தானே தொகுத்த ஒரு பதிலையும் காட்டுகிறது. இனி யார் தளத்துக்குள் வருவார்கள் என்ற கவலை நியாயமானது. ஒரு வரியில் பதில் கிடைக்கும் கேள்விகளுக்கு ஆட்கள் உள்ளே வராமலே போகலாம். அதே நேரத்தில் அந்தத் தொகுப்பும் இன்டெக்ஸில் உள்ள பக்கங்களைச் சார்ந்துதான் எழுதப்படுகிறது, அவற்றுக்கு இணைப்பும் தருகிறது. கிராலருக்கு எட்டாத பக்கத்துக்கு அங்கேயும் இடமில்லை.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் மாறவில்லை. சர்ச் கன்சோலில் உங்கள் தளம் எந்தெந்தத் தேடல்களுக்குக் காட்டப்பட்டது, எத்தனை முறை, அதில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற பட்டியல் இருக்கும். பல முறை காட்டப்பட்டும் யாரும் சொடுக்காத ஒரு தேடலைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தட்டியவர் எதிரே உட்கார்ந்திருந்தால் என்ன பதில் சொல்வீர்களோ, அதை அப்படியே ஒரு பக்கமாக எழுதுங்கள். அப்புறம் போனை எடுத்து உங்களிடம் பேசுகிறவர்கள் இந்த மாதம் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த பக்கம் அதிலிருந்து வரும்.